வாங் வியெங்குக்குக் கொண்டாடப் போவது சரியா?

கல்பாலம் எழுதியது:

டிசம்பரில் நண்பர்கள் சேர்ந்து லாவோஸ் போகிறோம், வாங் வியெங்கில் பகலில் காற்றடைத்த டியூபில் ஆற்றில் மிதப்பது, இரவில் பார்ட்டி, எந்த ஹாஸ்டல் நல்லது என்று போன வாரம் ஒரு தம்பி இங்கே கேட்டிருந்தார். வாடகை, வைஃபை, நீச்சல் குளம் பற்றி நிறையப் பேர் பதில் எழுதினார்கள். 2024 நவம்பரில் அதே ஊரில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்ததை ஒருவர்கூடக் குறிப்பிடவில்லை. அதனால் தனித் திரியாகத் தொடங்குகிறேன்.

இறந்தவர்களில் இருவர் 19 வயது ஆஸ்திரேலியப் பெண்கள். டென்மார்க்கைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், 28 வயது பிரிட்டன் வழக்கறிஞர் ஒருவர், அமெரிக்கர் ஒருவர். தெருவோரம் யாரோ ஒளித்து வைத்து விற்ற சரக்கைத் தேடிப் போனவர்கள் இல்லை இவர்கள். ஹாஸ்டலில் தங்கி, பாருக்குப் போய், மற்ற எல்லாரையும் போலக் குடித்தவர்கள்.

இது அந்த ஊரில் முதல் தடவையும் இல்லை. 2011இல் மட்டும் அங்கே ஓடும் 'நாம் சோங்' என்ற ஆற்றில் டியூபில் போனவர்களில் 27 பேர் இறந்ததாக உள்ளூர் மருத்துவமனைக் கணக்கை வைத்துச் செய்தி வந்தது. நேராகத் தலைநகர் வியன்டியானுக்குத் தூக்கிப் போனவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. கரை நெடுக பார்கள், கயிறு வீசி டியூபை உள்ளே இழுப்பார்கள், இலவசமாக ஒரு ஷாட் கொடுப்பார்கள், அப்புறம் உயரமான ஊஞ்சல், சறுக்கு. கீழே ஆழம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பாறையில் மோதி மண்டை உடைந்தவர்களும் உண்டு, மூழ்கியவர்களும் உண்டு.

ஒரு ஊர் இளைஞர்களின் அசட்டுத் துணிச்சலை விற்றுப் பிழைக்கிறது. அதற்கு நம் பணத்தைக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டாம் என்கிறேன். லாவோஸ் பார்க்க ஆசையா, லுவாங் பிரபாங் போங்கள்.

*

பையும்பாதையும் எழுதியது:

அண்ணா, இறப்புகளை மறைக்கக் கூடாது என்பதில் உங்களோடு முழுதாக உடன்படுகிறேன். அதற்கு மேல் நீங்கள் சொன்னதில் பாதி பத்து வருடத்துக்கு முந்தைய வாங் வியெங்.

2012இல் லாவோஸ் அரசு ஆற்றோர பார்களைக் கூட்டமாக மூடியது. ஊஞ்சல், சறுக்கு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார்கள். டியூப் மறுபடி வந்தபோது கரையில் ஒரு சில பார்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. ஊருக்கு வருகிற கூட்டமும் மாறிவிட்டது. 2014இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்த ஊரைக் காட்டிய பிறகு கொரியர்கள் குடும்பம் குடும்பமாக வர ஆரம்பித்தார்கள். 2020 கடைசியில் வியன்டியானிலிருந்து விரைவுச்சாலை திறந்தது. 2021 டிசம்பரில் சீன-லாவோஸ் ரயில் ஓடத் தொடங்கியது. முன்பு மலைச்சாலையில் குலுங்கிக் குலுங்கி நாலு மணி நேரம் போன ஊருக்கு இன்று ரயிலில் ஒரு மணி நேரம். காலையில் ஸ்டேஷனில் நின்று பாருங்கள், இறங்குகிறவர்களில் தாத்தா பாட்டிகள் எத்தனை பேர், கைக்குழந்தைகள் எத்தனை பேர் என்று.

அவர்கள் எதற்கு வருகிறார்கள்? வயலுக்கு நடுவில் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிற சுண்ணாம்புக்கல் மலைகளுக்காக. தாம் சாங் குகைக்கு. தாம் பூ காம் குகைக்குக் கீழே இருக்கிற நீலத் தடாகத்துக்கு. சூரியன் இறங்கும் நேரத்தில் பலூனில் ஏறி அந்த ஆற்றை மேலிருந்து பார்க்க. நான் பார்த்த ஊர்களில் இவ்வளவு அழகான மாலை வேறெங்கும் கிடையாது, இதை மனதாரச் சொல்கிறேன்.

அங்கே டியூபைக் கழுவி அடுக்குகிற பையன், பாகெட் சாண்ட்விச் வண்டி வைத்திருக்கிற அம்மா, டுக்டுக் ஓட்டுநர், கயாக் வழிகாட்டி, இவர்களில் யாரும் மெத்தனால் கலக்கவில்லை. நீங்கள் போகாவிட்டால் முதலில் அடிபடுவது இவர்கள்தான். நாலைந்து வருடமாக அங்கே அவர்கள் நாணயமான கிப்பின் மதிப்பு சரிந்து கிடக்கிறது. 2023 தொடக்கத்தில் விலைவாசி உயர்வு 40 சதவீதத்தைத் தாண்டியது. இளைஞர்கள் மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். இந்த நிலையில் ஊரையே புறக்கணியுங்கள் என்பது நியாயமா?

*

கல்பாலம் எழுதியது:

தம்பி, 2012இல் அரசு சுத்தம் செய்தது என்பதையே உங்கள் வாதத்துக்கு ஆதாரமாக வைக்கிறீர்கள். எனக்கு அது எதிர்ப்பக்கம் பேசுகிறது. அந்த வருடம் ஜனவரியில் ஆஸ்திரேலியர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்து, வெளிநாட்டுத் தூதரகங்கள் அழுத்தம் கொடுத்து, உலகச் செய்தியான பிறகுதான் பார்கள் மூடப்பட்டன. அதற்கு முன்னால் பல வருடம் அவை வெளிப்படையாக, போலீஸ் கண்ணெதிரே நடந்தன. மூட முடியும் என்றால் அதுவரை ஏன் மூடவில்லை?

பிறகு 2024. மறுபடியும் செத்த பிறகுதான் விசாரணை, செத்த பிறகுதான் குறிப்பிட்ட சில உள்ளூர் வோட்கா, விஸ்கி வகைகளுக்குத் தடை. நடவடிக்கைக்கு முன்பணமாக உயிர் கேட்கிற நிர்வாகம் அது. எதை நம்பி நம் பிள்ளைகளை அனுப்பச் சொல்கிறீர்கள்?

சாண்ட்விச் வண்டி அம்மாவைப் பற்றிச் சொன்னீர்கள். 2011இல் அந்த அம்மா மாதிரியானவர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? நள்ளிரவு தாண்டியும் பாட்டுச் சத்தம். நீச்சலுடையோடு தெருவில், கோயில் வாசலில் நடக்கிற கூட்டம். ஊருக்குள் உடம்பை மூடிக்கொண்டு நடங்கள் என்று பலகை வைத்துக் கெஞ்ச வேண்டியிருந்தது. ஆற்றில் இறந்தவர்களின் ஆவி நிறைந்துவிட்டது என்று சொல்லிப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாத பெற்றோர்கள் இருந்ததாக அப்போது செய்திகளில் வந்தது. தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்து, குளித்து, துணி துவைத்த ஆற்றுக்கே பயப்பட வேண்டிய நிலை. இதைவிடப் பெரிய இழப்பு ஒரு ஊருக்கு என்ன வேண்டும்?

*

பினாங்குக்காரன் எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். கோலாலம்பூரிலிருந்து வியன்டியானுக்கு நேர் விமானம் இருப்பதால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள். இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். டியூபை இந்த ஊருக்குக் கொண்டு வந்தது பார் முதலாளிகள் இல்லை. 1990களின் கடைசியில் ஊருக்கு வடக்கே ஒரு இயற்கை விவசாயப் பண்ணையில் வேலை செய்ய வந்த தன்னார்வலர்கள் சாயங்காலம் இளைப்பாறட்டும் என்று பண்ணைக்காரர் டியூப்களை வாங்கி வைத்தார். அவ்வளவுதான் தொடக்கம். வெயில் தணிந்த நேரத்தில், மிதந்துகொண்டே மூன்று நாலு கிலோமீட்டர் ஊருக்குள் வந்து சேர்வது.

அதைச் சுற்றி பார் முளைத்தது, பாருக்குப் பக்கத்தில் இன்னொரு பார், ஒன்றை ஒன்று முந்த இலவச ஷாட், அப்புறம் பிளாஸ்டிக் வாளியில் மது, உணவகங்களில் 'ஹேப்பி' என்று எழுதிய போதை மெனு. அந்தப் பண்ணைக்காரரே பின்னால் இரைச்சலை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர். கல்பாலம் ஐயா, ஊரே இளைஞர்களின் துணிச்சலை விற்கிறது என்று நீங்கள் எழுதியது அதனால் எனக்கு உறுத்துகிறது. ஊருக்குள்ளேயே இதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பக்கம் நிற்காமல் ஊரையே ஒரே வண்ணத்தில் அடிக்கிறோம்.

இன்னொன்று. அந்த ஊருக்கு வெளியாட்கள் வந்து ஆடிவிட்டுப் போவது புதிதும் இல்லை. ஊருக்கு நடுவில் ஒரு பழைய விமான ஓடுதளம் கிடக்கிறது, பார்த்தவர்களுக்குத் தெரியும். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கர்கள் பயன்படுத்தியது, லிமா சைட் 6 என்று அதற்குப் பெயர். அவர்கள் போனார்கள், பேக்பேக்கர்கள் வந்தார்கள், இப்போது சீனாவின் குன்மிங்கிலிருந்து சுற்றுலாப் பயணிகள் ரயிலிலேயே வருகிறார்கள். ஒவ்வொரு கூட்டமும் ஊரைத் தன் தேவைக்கு வளைக்கிறது. போகலாமா வேண்டாமா என்பதைவிட, போகிறவன் எதற்குக் காசு கொடுக்கிறான் என்று கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

*

அவசரப்பிரிவு எழுதியது:

அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். மெத்தனால் பற்றி மேலே யாரும் விளக்கவில்லை. இந்தத் திரியைப் படிக்கிற யாராவது அங்கே போகத்தான் போகிறார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மெத்தனாலும் நாம் குடிக்கிற எத்தனாலும் நிறத்திலும் வாசனையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பற்றவைத்துப் பார்த்தால் தெரியும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள், கலந்த சரக்கில் அது பயன்படாது. மெத்தனால் அப்படியே இருக்கும் வரை பெரிய கேடு செய்வதில்லை. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கொல்கிறது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் போகிறது, முதலில் அடி வாங்குவது கண் நரம்பு.

இந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும். பெரும்பாலும் 12 மணி முதல் 24 மணி நேரம். மதுவும் சேர்ந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். மறுநாள் தலைவலி, வாந்தி, வயிற்று வலி, சோர்வு. இருபது வயதுப் பிள்ளை அதை என்னவென்று நினைப்பான்? நேற்று அதிகமாகிவிட்டது, தூங்கினால் சரியாகிவிடும் என்று. கூட இருப்பவர்களும் எழுப்ப மாட்டார்கள். அந்தத் தூக்கத்தில்தான் காப்பாற்றக்கூடிய நேரம் போகிறது. பார்வை மங்கினாலோ, பனி மூடியது போலத் தெரிந்தாலோ, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்கினாலோ அது ஹேங்ஓவர் இல்லை. உடனே மருத்துவமனை, அதுவும் டயாலிசிஸ் வசதி இருக்கிற மருத்துவமனை.

முறிவு மருந்து இருக்கிறது. ஃபோமெபிசோல் என்பது ஒன்று, விலை அதிகம், எல்லா இடத்திலும் இருக்காது. அது இல்லாவிட்டால் மருத்துவர்கள் எத்தனாலையே அளவு பார்த்துக் கொடுப்பார்கள். கல்லீரல் எத்தனாலைக் கவனித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மெத்தனாலை டயாலிசிஸ் மூலம் வெளியே எடுப்போம். இதைச் சொல்வதால் நீங்களாக அறையில் இன்னும் குடித்து வைத்தியம் பார்த்துக்கொள்ளாதீர்கள்.

கிராமத்தில் காய்ச்சும் லாவோ-லாவோ அரிசிச் சாராயம்தான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். மெத்தனால் உண்டாகக் காரணமான பெக்டின் என்ற பொருள் அரிசியில் மிகக் குறைவு, அதை வடிப்பதில் உயிர் போகிற அளவு மெத்தனால் உண்டாவது அபூர்வம். இப்படிக் கூட்டமாக இறந்தால், பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலை யாரோ மலிவுக்காகக் கலந்திருப்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் இறந்ததும் மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். அதற்கு முந்தைய வருடம் மரக்காணம். இறந்தவர்கள் கூலி வேலை பார்த்தவர்கள். வாங் வியெங்கில் ஆறு வெளிநாட்டவர் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது. ஒரு லாவோஸ் கூலித் தொழிலாளி அதே சரக்கைக் குடித்துச் செத்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

*

பையும்பாதையும் எழுதியது:

டாக்டர், மிக்க நன்றி. இதை எல்லா ஹாஸ்டல் சுவரிலும் ஒட்ட வேண்டும்.

கல்பாலம் அண்ணா, டாக்டர் சொன்னதிலிருந்தே கேட்கிறேன். கள்ளக்குறிச்சியில் நடந்ததற்காக அந்த மாவட்டத்துக்கு யாரும் போகக் கூடாது என்று சொல்வோமா? விற்றவனைப் பிடி, மெத்தனால் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடி என்றுதானே கேட்டோம்? வாங் வியெங்குக்கு மட்டும் ஏன் வேறு தராசு?

*

கல்பாலம் எழுதியது:

கள்ளக்குறிச்சியில் சட்டமன்றம் கொந்தளித்தது, சி.பி.சி.ஐ.டி. வந்தது, வழக்கு உயர்நீதிமன்றம் போய் சி.பி.ஐ. கைக்கு மாறியது. போதாது, தாமதம், எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி கேட்க ஒரு இடம் இருந்தது, பத்திரிகை இருந்தது, எதிர்க்கட்சி இருந்தது. லாவோஸ் ஒரே கட்சி ஆட்சி. மகளைப் பறிகொடுத்த வெளிநாட்டுப் பெற்றோர்களே விசாரணை பற்றித் தங்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்று பேட்டி கொடுத்தார்கள். அதே தராசில் எடை போட்டுத்தான் சொல்கிறேன்.

*

யாழினி_ப எழுதியது:

தனியாகப் பயணம் செய்கிற பெண் என்ற முறையில் நானும் எழுதலாமா?

இந்த ஊரைப் பற்றிய பேச்சு எப்போதும் 'அசட்டுப் பிள்ளைகள் குடித்துச் செத்தார்கள்' என்ற இடத்துக்கே வந்து நிற்கிறது. கல்பாலம் ஐயா, நீங்கள் அன்போடுதான் எழுதுகிறீர்கள், தெரிகிறது. 'அசட்டுத் துணிச்சல்' என்ற வார்த்தையை மட்டும் நவம்பரில் இறந்தவர்கள் மேல் போடாதீர்கள். ஊஞ்சலிலிருந்து குதித்தவர் தன் உடம்பைப் பணயம் வைத்தார், சரி. பாரில் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தவர் எதையும் பணயம் வைக்கவில்லை. விற்றவர் அவரை ஏமாற்றினார். 2011ஐயும் 2024ஐயும் ஒரே கயிற்றில் கட்டினால் குற்றம் செய்தவன் தப்பித்துவிடுகிறான்.

அங்கே இரவில் வெளியே போவதை நான் விடவில்லை. தென்கிழக்கு ஆசியாவில் ஒரு பெண் தனியாக இரவு பத்து மணிக்குத் தெருவில் நடந்து, அறிமுகமில்லாதவர்களோடு சிரித்துப் பேசி, ஆடி, பயமில்லாமல் அறைக்குத் திரும்ப முடிகிற ஊர்கள் உண்டு. அந்த அனுபவம் நம் பெண்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருக்கிற ஆண்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். 'போகாதே' என்பது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து கேட்கிற வார்த்தை. 'போ, இதைச் செய், இதைச் செய்யாதே' என்று யாராவது சொன்னால் காது கொடுத்துக் கேட்போம்.

நான் செய்வது இது. மூடி திறக்காத பியர் மட்டும், பீர்லாவோ எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, என் கண் முன்னே திறக்க வேண்டும். வாளி, காக்டெயில், இலவச ஷாட், எதையும் தொடுவதில்லை. கூட ஒருவராவது மறுநாள் காலையில் என் அறைக் கதவைத் தட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். ஆற்றில் இறங்கும் நாளில் துளி மதுவும் கிடையாது. மழைக்காலத்தில், அதாவது ஜூன் முதல் அக்டோபர் வரை, நாம் சோங் ஆறு சேறும் வேகமுமாக ஓடும்போது டியூபைத் தொட மாட்டேன். லைஃப் ஜாக்கெட் தரவில்லையென்றால் கேட்டு வாங்குவேன். 'ஹேப்பி' என்று எழுதியிருக்கும் எதற்கும் கிட்டப் போக மாட்டேன், அங்கே போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமை.

*

கல்பாலம் எழுதியது:

யாழினி, அந்த வார்த்தை நவம்பரில் இறந்தவர்களுக்குப் பொருந்தாது என்று நீங்கள் சொன்னது சரி. மேலே எழுதியது அழியாமல் இருக்கட்டும், உங்கள் பதிலோடு சேர்த்துப் படிக்கட்டும்.

ஆனால் நீங்கள் எழுதிய பட்டியலைப் பாருங்கள். ஷாட் வேண்டாம், வாளி வேண்டாம், காக்டெயில் வேண்டாம். அந்த ஊரில் பார்ட்டி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதியை நீங்களே கழித்துவிட்டீர்கள். அப்படிப் போகிறவரை நான் தடுக்கவில்லை. அந்தத் தம்பி கேட்டது அந்தப் பயணமா?

*

பினாங்குக்காரன் எழுதியது:

ஐயா, அந்தத் தம்பி கேட்டதை அப்படியே விட்டுவிட வேண்டுமா? 'இலவச ஷாட் இருக்கிறதா' என்று கேட்டு ஹாஸ்டல் தேர்ந்தெடுக்கிற கூட்டம் இருக்கும் வரை ஹாஸ்டல்கள் மிக மலிவான வோட்காவைத்தான் வாங்கும். இலவசமாகக் கொடுப்பதற்கு யாரும் நல்ல சரக்கு வாங்குவதில்லை. மெத்தனால் உள்ளே நுழைகிற சந்து அதுதான். பத்துப் பேர் மதிப்புரையில் 'சீல் உடைக்காத புட்டியைக் காட்டினார்கள்' என்று எழுத ஆரம்பித்தால் பக்கத்து ஹாஸ்டலும் காட்டும். அரசு செய்யாததை வாடிக்கையாளர் கொஞ்சமாவது செய்ய வைக்கலாம். நாம் எல்லோரும் போகாமல் இருந்தால் மிச்சம் இருப்பது கேள்வி கேட்காதவர்கள் மட்டும்தான்.

*

அவசரப்பிரிவு எழுதியது:

புட்டியின் சீலையும் போலியாகப் போடுகிறார்கள், நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். பியர், அதுவும் கேனில் வருவது, நிறையப் பாதுகாப்பு. இந்த ஒரு விஷயத்தில் யாழினி சொன்னதே சரி.

ஒரு விஷயம் சேர்க்கிறேன். நவம்பரில் நோயுற்ற ஆஸ்திரேலியப் பெண்கள் கடைசியில் தாய்லாந்து மருத்துவமனைகளில்தான் சிகிச்சை பெற்றார்கள், ஒருவர் பாங்காக்கில், இன்னொருவர் உடோன் தானியில். வாங் வியெங்கிலிருந்து வியன்டியான், அங்கிருந்து மீகாங் மேல் நட்புப் பாலம், எல்லைச் சோதனை, அப்புறம் உடோன். பாலம் வழக்கமாக இரவு பத்து மணிக்கு மூடிவிடும். இந்த வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது மது சம்பந்தப்பட்ட சிகிச்சையை அது விலக்குகிறதா என்று வரி வரியாகப் படியுங்கள், பல பாலிசிகள் விலக்குகின்றன.

*

பையும்பாதையும் எழுதியது:

அண்ணா, நேராகவே கேட்கிறேன். என்ன நடந்தால் 'சரி, போங்கள்' என்பீர்கள்?

*

கல்பாலம் எழுதியது:

இரண்டு நடந்தால் போதும். மெத்தனால் எங்கிருந்து வந்தது, யார் கலந்தார், யார் வாங்கி ஊற்றினார் என்று இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு முழுதாகச் சொல்ல வேண்டும். வாங் வியெங் மருத்துவமனையில் முறிவு மருந்து இருப்பில் இருக்க வேண்டும், ஊர்க்காரர், வெளியூர்க்காரர் என்று பார்க்காமல் கொடுக்க வேண்டும். சுற்றுலாவில் இவ்வளவு வருமானம் பார்க்கிற நாட்டுக்கு இது பெரிய செலவு இல்லை. அதுவரை, மலை ஏறவும் குகை பார்க்கவும் போகிறேன் என்று கேட்கிறவருக்கு வழி சொல்வேன். பார்ட்டி ஹாஸ்டல் எது நல்லது என்று கேட்கிறவருக்கு என்னிடமிருந்து பெயர் வராது.

*

பையும்பாதையும் எழுதியது:

அந்த இரண்டாவது கோரிக்கையை நானும் கேட்கிறேன். முதலாவதை நிறைவேற்ற அங்கே போய் உட்கார்ந்து கேட்கிற பத்திரிகையாளர்கள் வேண்டும், அவர்களுக்கும் அறை வாடகைக்கு விட அந்த ஊர் பிழைத்திருக்க வேண்டும். நான் பிப்ரவரியில் போகிறேன், தண்ணீர் தெளிவாக இருக்கும் மாதம். ஹாஸ்டல்களில் மதுவை எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டு, கிடைக்கிற பதிலை இதே திரியில் எழுதுகிறேன்.